அறையில் இருந்த ஒரே நாற்காலி

2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வேலை மற்றும் ஓய்வூதியக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. உடல்நலக் குறைவுக்கும் இயலாமைக்குமான உதவித்தொகை கேட்டு மதிப்பீட்டுக்கு ஆளானவர்கள் 3,500 பேருக்கு மேல் தங்களுக்கு நேர்ந்ததை அந்தக் குழுவுக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். அவற்றில் ஒன்றை நான் மறக்கவே முடிந்ததில்லை. எழுதியவர் அன்று படுக்கையில் இருந்தார். மதிப்பீட்டாளர் அவருடைய வீட்டுக்கே வந்தார், தானே கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார், கேள்விகள் கேட்டார், போனார். அவ்வளவு நேரமும் இவர் படுக்கையை விட்டு இறங்கவில்லை. பின்னர் வந்த அறிக்கையோ, இவர் நாற்காலியிலிருந்து சிரமம் எதுவுமின்றி எழுந்தார் என்று சொன்னது. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் மதிப்பீட்டாளர். கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் படிக்கிறார் என்றும் அறிக்கையில் இருந்ததாம். இவருக்குப் படிக்கக் கண்ணாடி போடும் வழக்கமே கிடையாது.

அதே தொகுப்பில் இன்னொருவர், தான் தினமும் நாயை நடக்க அழைத்துச் செல்வதாக அறிக்கையில் எழுதியிருந்ததைக் கண்டு திகைத்ததைச் சொல்கிறார். அவருக்கு நடப்பதே பெரும்பாடு. அவரிடம் நாயும் இல்லை.

மதிப்பீட்டு மையங்களைப் பற்றிய குறைகளை எளிதில் புரிந்துகொள்ளலாம். முன்பின் அறியாத கட்டடம், அந்நியமான அறை, அவசரம். ஆனால் வீட்டில் நடக்கும் மதிப்பீடு நியாயமாகத்தானே இருக்க வேண்டும்? குளியலறைச் சுவரில் பதித்த கைப்பிடி, மாடிக்குப் போக முடியாமல் கூடத்தில் போட்ட கட்டில், மாத்திரைப் பெட்டி, அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைக்கப்பட்ட பாத்திரங்கள் என்று ஒரு மனிதரின் இயலாமை முழுவதும் அங்கேதான் கண்முன்னே கிடக்கிறது. அப்படியிருந்தும், வீட்டில் வைத்து மதிப்பிடப்பட்டவர்களிடமிருந்து இவ்வளவு கசப்பு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த உதவித்தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதன் முழுப்பெயர் பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட். பிரிட்டனில் எல்லோரும் பிப் என்றே சொல்கிறார்கள். 2012ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. 2013 ஏப்ரலில் வட இங்கிலாந்தின் சில பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பொதுவானது, வருமானத்தைப் பார்ப்பதில்லை. நோயோடும் ஊனத்தோடும் வாழ்வதில் வரும் கூடுதல் செலவை ஈடுகட்டுவதே நோக்கம். அன்றாட வாழ்க்கைக்கு ஒரு பகுதி, நடமாட்டத்துக்கு ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் சாதாரணம், உயர்வு என இரண்டு நிலைகள். 2025-26இல் இரண்டிலும் உயர்நிலை பெற்றவருக்கு வாரம் 187.45 பவுண்டு கிடைத்தது. ஒன்றில்கூடத் தேறாதவருக்கு ஒரு பென்னியும் இல்லை.

இதற்கு முன் 1992 முதல் டிஸபிலிட்டி லிவிங் அலவன்ஸ் என்ற உதவித்தொகை இருந்தது. பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தையும் மருத்துவர்களின் கடிதங்களையும் வைத்தே முடிவெடுத்தார்கள். 2010 ஜூன் நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், இந்த உதவித்தொகைக்குப் புதிய மருத்துவ மதிப்பீடு கொண்டுவரப் போவதாக அறிவித்தார். செலவு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று அரசு கணக்குப் போட்டது. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பதற்கு முன்பே எவ்வளவு குறைய வேண்டும் என்ற எண் வந்துவிட்டது. பிப் மதிப்பீட்டின்மீது மக்கள் கொண்ட அவநம்பிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்தியாவில் மருத்துவக் குழு ஊனத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று அளந்து சான்றிதழ் தருகிறது. பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது வாசல். பிப் அப்படி இயங்குவதில்லை. நோயின் பெயருக்கு அங்கே மதிப்பெண் இல்லை. சமைத்தல், உண்ணுதல், மருந்தும் சிகிச்சையும், குளித்தல், கழிப்பறைத் தேவை, உடுத்துதல், பேசுதல், படித்துப் புரிந்துகொள்ளுதல், பிறரோடு பழகுதல், பண விஷயங்களில் முடிவெடுத்தல் ஆகிய பத்தும் அன்றாட வாழ்க்கைக்கு. வழியறிந்து பயணம் செய்தல், நடத்தல் ஆகிய இரண்டும் நடமாட்டத்துக்கு. ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு உதவி தேவை என்பதைப் பொறுத்து மதிப்பெண். ஒரு பகுதியில் மொத்தம் 8 வந்தால் சாதாரண நிலை, 12 வந்தால் உயர்நிலை. உதாரணத்துக்குச் சமையலை எடுத்துக்கொண்டால், கருவியின் துணை தேவையென்றால் 2, இன்னொருவரின் உதவியோ கண்காணிப்போ தேவையென்றால் 4, அறவே முடியாதென்றால் 8. நடையில் 20 மீட்டருக்கு மேல் போக முடியாதவருக்கு 12. பழைய உதவித்தொகையில் 50 மீட்டர்தான் வழக்கமான அளவுகோலாக இருந்தது. அது 20 ஆகச் சுருங்கியதில் காரை இழந்தவர்கள் ஏராளம். உதவித்தொகையைக் கொடுத்து அதற்குப் பதிலாகக் காரை வாடகைக்கு எடுக்கும் மோட்டபிலிட்டி திட்டத்துக்கு நடமாட்டத்தின் உயர்நிலை வேண்டும்.

காகிதத்தில் இந்த முறைக்கு ஒரு நல்ல இதயம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு செயலை ஒருவர் செய்ய முடியும் என்று எழுத வேண்டுமானால், அவர் அதைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவைப்படும் அளவு திரும்பத் திரும்ப, மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மிகாமல் செய்ய முடிய வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2017இல், உதவித்தொகை வழக்குகளின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் மேல் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு பாதுகாப்பு என்ற சொல்லை இன்னும் தெளிவாக்கியது. ஆபத்து எத்தனை முறை வரும் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, வந்தால் எவ்வளவு மோசமாக இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. வலிப்பு வருகிறவருக்கு அது மாதத்தில் ஒரு முறைதான் வரலாம். அந்த ஒரு முறை அவர் அடுப்பின் முன்னால் நிற்கக்கூடும்.

இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போனால் எப்படிக் கேட்க வேண்டும்? கெட்டிலைத் தூக்கினீர்களே, அதை நாளைக்கு எத்தனை முறை தூக்க முடியும், தூக்கிய பிறகு மணிக்கட்டு எப்படி இருக்கும், கடைசியாக எப்போது கொட்டிக்கொண்டீர்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். கெட்டிலைத் தூக்கினார் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதுதான் எளிது. அறிக்கைகளில் அதிகம் காணப்படுவது இந்த எளிய வழி.

மதிப்பீட்டைச் செய்வது அரசு ஊழியர்கள் அல்லர். தொடக்கத்தில் அட்டோஸ், கேப்பிட்டா என்ற இரு தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தம் பெற்றன. 2024 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தும் வேல்ஸும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு மேக்சிமஸ், கேப்பிட்டா, செர்கோ, இன்ஜியஸ் ஆகிய நான்கு நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்டிருக்கின்றன. வருகிறவர் செவிலியராகவோ, இயன்முறை மருத்துவராகவோ, ஆம்புலன்ஸ் பணியிலிருந்து வந்தவராகவோ இருக்கலாம். விண்ணப்பதாரரின் நோயைப் பற்றிய சிறப்பு அறிவு அவருக்கு இருந்தாக வேண்டும் என்பதில்லை. அவர் எழுதும் அறிக்கை வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்குப் போகும். முடிவெடுப்பது அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி. அந்த அதிகாரி விண்ணப்பதாரரைப் பார்த்ததே இல்லை. அறிக்கையில் இருக்கும் மனிதரைத்தான் அவருக்குத் தெரியும்.

வீட்டு மதிப்பீடு கேட்டவுடன் கிடைத்துவிடுவதுமில்லை. நோய் காரணமாகப் பயணம் செய்ய இயலாது என்று காட்ட வேண்டும். பல நேரங்களில் குடும்ப மருத்துவரின் கடிதம் கேட்பார்கள், அந்தக் கடிதத்துக்குக் கட்டணம் வாங்கும் மருத்துவர்களும் உண்டு. இயலாமையை நிரூபிக்கும் நேர்காணலுக்கு முன்னால், அந்த நேர்காணலுக்குப் போக இயலாது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அடம்பிடித்து மையத்துக்கே போனாலும் கேள்வி காத்திருக்கும்: எப்படி வந்தீர்கள், டாக்சியிலா, பஸ்ஸிலா, எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? வந்துவிட்டதே வரமுடியும் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

சரி, வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டு நாளும் குறித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது விதி. அந்த நாள் நெருங்க நெருங்க வீட்டில் என்ன நடக்கும் என்பது இதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் இரவு தூக்கம் இருக்காது. காலையில் வழக்கமான வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா, போட்டால் வலியில்லாதவர்போலத் தெரிந்துவிடுமோ என்ற கேள்வி வரும். வேலைக்குப் போகும் மகனோ மகளோ விடுப்பு எடுத்துத் துணைக்கு இருப்பார்கள். குறித்த நேரம் தாண்டும். சில சமயம் வரமாட்டார் என்று தொலைபேசி வரும், சில சமயம் அதுவும் வராது. புதிய தேதி கொடுப்பார்கள், மறுபடியும் ஒரு விடுப்பு. விண்ணப்பதாரர் தகுந்த காரணமின்றித் தவறினால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும். மதிப்பீட்டாளர் வராமற்போனால், இன்னொரு வாரமோ இன்னொரு மாதமோ காத்திருப்பதும் விண்ணப்பதாரரின் பங்குதான். திட்டத்தின் முதல் ஆண்டில் காத்திருப்பு மிக மோசமாக இருந்தது. மரணத் தறுவாயில் இருந்தவர்களுக்குப் பத்து நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டிருந்தார்கள். சராசரியாக 28 நாள் ஆனதைத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2014இல் வெளிக்கொண்டுவந்தது.

கடைசியில் கதவு தட்டப்படுகிறது. மதிப்பீடு மடிக்கணினியைத் திறந்த பிறகு தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. கதவைத் திறந்தது யார், எவ்வளவு நேரத்தில் திறந்தார், வழிகாட்டி நடந்தாரா, சுவரைப் பிடித்தாரா, குனிந்து பூனையை எடுத்தாரா, தொலைபேசி ஒலித்தபோது கையை நீட்டினாரா என்பதெல்லாம் குறிப்பில் ஏறும். முறைசாராக் கவனிப்பு என்று அதற்குப் பெயர். அரசின் வழிகாட்டி நூலே அதை அனுமதிக்கிறது. கவனிப்பதில் தவறு இல்லை. நல்ல மருத்துவர் எவரும் நோயாளி உள்ளே வரும்போதே பார்த்துக்கொள்வார். ஆனால் மருத்துவர் தான் பார்த்ததைக் கேட்டுச் சரிபார்ப்பார். இங்கே பார்த்தது என்ன என்பதே விண்ணப்பதாரருக்குச் சொல்லப்படுவதில்லை. முடிவு பாதகமாக வந்து, அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்கும்போதுதான், பூனையைத் தடவிக் கொடுத்தது கைவிரல்கள் நன்றாக இயங்குவதற்குச் சான்றாக நிற்பது தெரிய வரும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வாழும் நம்மவர்களுக்கு வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் விருந்தாளி. வருகிறார் என்று தெரிந்தால் வீட்டைப் பெருக்கித் துடைத்து வைப்போம், நல்ல உடை உடுத்துவோம், தலை வாரிக்கொள்வோம். யாரைக் கெஞ்சியாவது, எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தாவது அதைச் செய்வோம். வந்தவர் அமர்ந்ததும் தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்காமல் இருக்க நாக்கு வராது. கால் வலியோடு எழுந்து சமையலறைக்குப் போகும் பெண்மணிக்கு, அந்தப் பத்தடி நடையும் அந்தத் தேநீரும் தனக்கு எதிராகப் பேசக்கூடும் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? சுத்தமான வீடு, வீட்டு வேலை செய்ய முடிகிறது என்றாகிவிடும். எப்படி இருக்கிறீர்கள் என்றால் நலம் என்று சொல்வது மரியாதை. அது அப்படியே நலம் என்று பதிவாகும். மறுநாள் அவர் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

மொழி இன்னொரு முள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டால் ஏற்பாடு செய்ய வேண்டும். பலருக்கு இது தெரியாது. தெரிந்தாலும், நம் பிள்ளை இருக்கிறானே என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு நடப்பதை நினைத்துப் பாருங்கள். கழிப்பறைக்குப் போய் வந்தபின் சுத்தம் செய்துகொள்ள முடிகிறதா, உள்ளாடையை யார் மாற்றிவிடுகிறார்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா என்ற கேள்விகளை ஒரு மகன் தன் தாயிடம் தமிழில் கேட்க வேண்டும். தாய் என்ன பதில் சொல்வார்? பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார். அந்த ஒன்றுமில்லை ஆங்கிலத்தில் ஏறும்போது பூஜ்யம் மதிப்பெண் ஆகிறது.

மனநோய் உள்ளவர்களுக்கு வீட்டு மதிப்பீடு வேறு விதத்தில் கொடுமை. அவர்களுக்கு வீடு ஒன்றுதான் அரண். அதற்குள் ஒரு அந்நியரை அனுமதித்து, தன் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களை அவர் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு ஏற்ப விவரிக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசினார், நடுக்கமோ வியர்வையோ இல்லை, உடை ஒழுங்காக இருந்தது என்ற வாக்கியங்கள் இத்தகைய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பதற்ற நோயில் பழுத்தவர்கள் ஒரு மணி நேரம் பதற்றத்தை மறைப்பதில் பழுத்தவர்கள் என்பதை அந்த வாக்கியங்கள் அறியா. அரசே இந்த விஷயத்தில் நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது. 2017 மார்ச்சில், மனத்துயரால் வெளியே போக முடியாதவர்களுக்கு நடமாட்ட மதிப்பெண்ணைக் குறைக்கும் விதமாக விதியைத் திருத்தினார்கள். அது மனநோயாளிகளைப் பாரபட்சமாக நடத்துகிறது என்று அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்துசெய்தது. 2018 ஜனவரியில் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. சுமார் 16 லட்சம் பேரின் கோப்புகளை மறுபடியும் புரட்ட வேண்டியதாயிற்று.

வருகிற செவிலியர்களைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது என் நோக்கமன்று. முன்பின் தெரியாத வீடுகளுக்குத் தனியே போகிறார்கள், நகரத்தின் குறுக்கே வண்டி ஓட்டுகிறார்கள், ஒரு வாழ்க்கையை ஒரு மணி நேரத்தில் கேட்டு, கணினிப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடைத்து, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். பொறுமையாகக் கேட்டு நேர்மையாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டில் அவசரம் இருக்கிறது. துறை வகுத்திருந்த தர அளவுகோல்களே குறைவானவை, அவற்றையும் ஒப்பந்த நிறுவனங்கள் எட்டத் தவறின என்று 2018ஆம் ஆண்டின் குழு அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. அப்படியிருந்தும் ஒப்பந்தங்கள் நீடித்தன. பிழையான அறிக்கைக்கான விலையை நிறுவனம் தருவதில்லை. காரை இழந்தவர் தருகிறார்.

இந்தக் கதையில் எனக்கு அதிகம் கோபம் வருவது ஒலிப்பதிவு விஷயத்தில்தான். யார் என்ன கேட்டார், யார் என்ன சொன்னார் என்ற வழக்கு ஒரு ஒலிப்பதிவு இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். பல ஆண்டுகள் என்ன விதி இருந்தது தெரியுமா? விண்ணப்பதாரர் பதிவுசெய்ய விரும்பினால், ஒரே நேரத்தில் இரண்டு நகல் எடுக்கும் கருவியைத் தானே கொண்டுவர வேண்டும். பேச்சு முடிந்தவுடன் கேசட்டிலோ குறுந்தகட்டிலோ ஒரு நகலை மதிப்பீட்டாளரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொருவர் பையிலும் கைபேசி இருந்த காலத்தில், கைபேசியில் பதிவுசெய்வதை ஏற்கவில்லை. உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் ஒருவர் இரட்டைக் கேசட் கருவிக்கு எங்கே போவார்? எல்லா மதிப்பீடுகளையும் இயல்பாகவே பதிவுசெய்ய வேண்டும், வேண்டாம் என்கிறவர் விலகிக்கொள்ளலாம் என்று நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. 2018 ஜூனில் அமைச்சர் எஸ்தர் மெக்வே காணொளியாகப் பதிவுசெய்வதைச் சோதிக்கப் போவதாக அறிவித்தார். அது எல்லோருக்குமான நடைமுறையாக மலரவே இல்லை. 2020க்குப் பிறகுதான் நிறுவனங்களே தங்கள் கருவியில் ஒலிப்பதிவு செய்து தரும் வசதி வந்தது. இன்றும் விண்ணப்பதாரர் அதை முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்கலாம் என்று தெரிந்தவர் கேட்கிறார்.

பாதகமான முடிவு வந்தால் ஒரு மாதத்துக்குள் துறையிடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும்; கட்டாய மறுபரிசீலனை என்று அதற்குப் பெயர். அதைத் தாண்டாமல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. துறை இத்தனை நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்ற காலக்கெடு சட்டத்தில் இல்லை. பலர் இங்கேயே சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். இதையும் கடந்து தீர்ப்பாயம் வரை போகிறவர்களில் அண்மை ஆண்டுகளில் பத்துக்கு ஏழு பேர் வரை வென்றிருக்கிறார்கள். மொத்த முடிவுகளில் மேல்முறையீட்டில் மாறுபவை சிறு பங்குதான் என்று அரசு பதில் சொல்கிறது. கணக்குச் சரி. ஆனால் நடுவழியில் விட்டுவிட்டவர்கள் அந்தக் கணக்கில் தெரிவதில்லை.

தீர்ப்பாயத்தில் மட்டும் அப்படி என்ன மாறுகிறது? ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், ஊனத்தோடு வாழ்வதை நேரடியாக அறிந்த ஒருவர் என மூவர் உட்காருகிறார்கள். அதே படிவம், அதே மருத்துவக் கடிதங்கள், அதே அறிக்கை. கூடுதலாக இருப்பது விண்ணப்பதாரரின் குரல். நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது, அதற்கு ஓராண்டுகூட ஆகிவிடுகிறது. அதற்குள் வாடகை பாக்கி ஏறியிருக்கும், கார் போயிருக்கும், சிலருக்கு நோயும் முற்றியிருக்கும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது நேரடி மதிப்பீடுகள் நின்றன. எல்லாம் தொலைபேசிக்குப் போயின. பிறகும் பெரும்பாலானவை அங்கேயே தங்கிவிட்டன. வெளியே போக முடியாத பலருக்கு அது நிம்மதி. ஆனால் வீடு சொல்லும் சாட்சியத்தைத் தொலைபேசி கேட்காது. குளியலறைக் கைப்பிடியும் கூடத்துக் கட்டிலும் அதில் தெரியா. 2025இன் இறுதியில் அரசு நேரடி மதிப்பீடுகளின் பங்கை மறுபடியும் 30 சதவீதமாக உயர்த்தப் போவதாகச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில், ஏதாவது ஒரு செயலில் குறைந்தது 4 மதிப்பெண் பெற்றால்தான் அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைக்கும் என்ற முன்மொழிவு வந்து, ஆளும் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால் ஜூலையில் கைவிடப்பட்டது. மதிப்பீட்டு முறை முழுவதையும் மறுஆய்வு செய்யும் பொறுப்பு அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 37 லட்சம் பேர் பிப் பெற்றார்கள். அவர்களில் கணிசமானோர் தங்கள் தகுதியை மறுபடியும் மதிப்பிடப் போவதாகச் சொல்லும் கடிதம் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். 2022 முதல் அங்கே பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிஸபிலிட்டி பேமென்ட் வந்திருக்கிறது. மதிப்பெண் முறை ஏறக்குறைய அதேதான். அந்த வகையில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஆனால் மதிப்பீட்டைத் தனியார் நிறுவனங்களிடம் விடக்கூடாது என்று அவர்களுடைய 2018ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மருத்துவர், சமூகப் பணியாளர், பராமரிப்பவர் ஆகியோரிடமிருந்து சான்றுகளைத் திரட்டுவதற்கு அரசு முகமையே உதவுகிறது. வேறு வழியில் முடிவெடுக்க முடியாதபோதுதான் விண்ணப்பதாரரோடு உரையாடல். தினமும் அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறவரின் வார்த்தைக்கு, ஒரு மணி நேரம் வந்துபோகும் அந்நியரின் கவனிப்பைவிட அதிக எடை இருக்க வேண்டும் என்பது அவ்வளவு கடினமான தத்துவம் இல்லையே.

இங்கிலாந்தில் இப்போது வீட்டு மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தேதி சொல்லும் தொலைபேசி அழைப்பிலேயே ஒலிப்பதிவு வேண்டும் என்று கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அதையும் அப்போதே கேளுங்கள். அனுப்பும் முன் படிவத்தின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை அன்றைக்கென்று ஒழுங்குபடுத்த வேண்டாம். துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, குறிப்பெடுக்கும் உரிமை அவருக்கும் உண்டு. அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மதிப்பீட்டாளர் வந்த நேரம், போன நேரம், கேட்ட கேள்விகள், நீங்கள் எத்தனை முறை எழுந்தீர்கள், யார் கைகொடுத்தார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். தேநீரையும் அவரே போடட்டும். முடிவு வந்ததும் மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அந்த நோட்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். மறுபரிசீலனைக்கு அந்தப் பக்கங்களின் நகலை இணைத்து அனுப்பலாம். தீர்ப்பாயமும் அவற்றைச் சான்றாக எடுத்துப் பார்க்கும்.